மடை தாண்டிய விரால்

ஐம்பத்தெட்டாம் வருசம் தென்காசிப் பக்கத்துக் குளம் ஒன்றின் மீனையெல்லாம் பஞ்சாயத்து ஏலத்தில் எடுத்திருந்தார் அகமது கபீர். எடுத்து என்ன? ஒரு மீனைத் தொட முடியவில்லை. கடைசி வயலில் பிசானப் பருவ நெல் அறுப்பு முடியும்வரை குளத்தில் வலையோ தூண்டிலோ இறங்கக் கூடாது என்பது ஏல நிபந்தனை. அதைக் கட்டிக் காத்தவன், குளத்து மடையைத் திறந்து அடைக்கிற மடைக்காரன் செல்லப்பா. கரையில் கொக்கு வந்து உட்கார்ந்தால்கூட சந்தேகமாகப் பார்க்கிற ஆள்.

வீட்டிலோ மகள் ஜன்னத் மசக்கையில் துவண்டு கிடந்தாள். சோறு இறங்கவில்லை. சந்தைக்கு வருகிற கடல்மீனின் வாடை பட்டாலே குமட்டல்.

"வாப்பா, நம்ம குளத்து விரால் கிடைச்சா நாலு வாய் சாப்பிடுவேன்" என்று அவள் சொன்னபோது கபீருக்கு நெஞ்சே கரைந்துவிட்டது. குளத்தையே ஏலம் எடுத்தவன், பெற்ற மகளிடம் இல்லை என்பதா?

செல்லப்பாவிடம் போய்க் கேட்டார். ஒரே ஒரு விரால் போதும், தூண்டில் போட்டு நானே பிடித்துக்கொள்கிறேன் என்றார்.

"நீங்கதான அண்ணாச்சி கையெழுத்துப் போட்டிய?" என்றான் செல்லப்பா. "ஒரு மீனுதானன்னு உங்கள விட்டா, நாளைக்கு ஊரே தூண்டிலோட வந்து நிக்கும்."

கபீர் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினார். இனி இவன் முகத்தில் முழிப்பதில்லை என்று வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலை செல்லப்பா வாசலில் நின்றான். ஓலைப்பெட்டிக்குள் ஈரச்சாக்குக்கு அடியில் ஒரு விரால் துள்ளியது. இது என் வயலில் கிடந்தது, மடைத் தண்ணீரோடு வயலுக்குள் வந்த மீன் வயல்காரனுக்குச் சொந்தம், அதுவும் நிபந்தனையில் இருக்கிறது என்றான். என் மீனை நான் யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பேன் என்று கொஞ்சம் விறைப்பாகவே சொல்லிவிட்டுப் போனான்.

ஜன்னத் மறுசோறு கேட்டுச் சாப்பிட்டாள். கபீருக்குக் கண் நிறைந்தது. ஏசியதெல்லாம் மனசை உறுத்த, தூக்குவாளியில் குழம்பு ஊற்றிக்கொண்டு செல்லப்பாவின் வயலுக்கு நடந்தார்.

சுற்றிலும் வயல்கள் காய்ந்து, அறுப்பு மும்முரமாக நடந்தது. மடையடியில் இருந்த செல்லப்பாவின் வயலில் மட்டும் முற்றிய கதிர் கணுக்கால் தண்ணீரில் நின்றது. ஒரு மூலையில் சாய்ந்தே விட்டது. அவன் மண்வெட்டியால் வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தான்.

"அறுக்கப் போற வயலுக்கா தண்ணி பாச்சின?" என்று கேட்டார் கபீர்.

"இது காயுத வரைக்கும் உங்க வலையும் எறங்காது. அதுக்கும் ஏசாதிய" என்றான் அவன் நிமிராமல். பிறகு கேட்டான்: "பிள்ளை சாப்பிட்டாளா?"

கபீர் தூக்குவாளியை வரப்பில் வைத்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, சாய்ந்த கதிர்களை நிமிர்த்திக் கட்டத் தொடங்கினார்.