பந்து கைக்கு வந்தால்

ஷூ லேஸை இன்னும் தானே கட்டிக்கொள்கிறார், அது போதும், வேறெதையும் நான் சோதித்துப் பார்க்க வேண்டாம். முதியோர் பயிற்சிக் கூடத்தின் வாசலில் கணவர் குனிந்து முடிச்சுப் போடுவதைப் பார்க்காதவள் போலப் பார்த்துக்கொண்டு அவள் இப்படி நினைத்தாள். பஸ் ஓட்டிய கைகள். முடிச்சை இழுத்து இழுத்துச் சரிபார்த்தன.

உள்ளே வட்டமாக நாற்காலிகள். கை கால்களை நீட்டி மடக்கியபின் பந்து விளையாட்டு. யாருக்குப் போடுகிறார்களோ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும், பட்டப்பெயரானாலும் சரி. கைக்கும் ஞாபகத்துக்கும் சேர்த்து வேலை என்பார் பயிற்சி தரும் அம்மாள். துணைக்கு வந்தவர்கள் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள்.

“மீசை, இந்தா பிடி” என்றார் அவள் கணவர்.

மழமழவென்ற முகத்தோடு எதிரே இருந்த பழைய தபால்காரர் பந்தைப் பிடித்தார். “இல்லாத மீசைக்கு எதுக்குய்யா பேரு?”

“வளந்தப்புறம் மாத்திக்கலாம்.”

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். இங்கே வந்து பழகியவர்கள் எல்லோரையும் அவருக்கு நினைவிருக்கிறது.

அவளை அவர் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமான புதிதிலிருந்து “இங்க பாரு”தான். ஆரம்பத்தில் அவளுக்கு அது சுருக்கென்று தைக்கும். பிறகு அதற்குள்ளேயே கோபம் எது, பசி எது, ஆசை எது என்று பிரித்தறியப் பழகிக்கொண்டாள். இப்போது அந்தக் குரலில் எதையும் பிரிக்க முடியவில்லை. மருந்துக்கடைப் பெண்ணிடமும் அதே “இங்க பாரு”, அதே குரல். போன வாரம் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், “கெளம்பலையா? இருட்டிடப் போவுது” என்றார். வந்த விருந்தாளியிடம் கேட்பதுபோல இருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், தேவையில்லாத ஒரு தீப்பெட்டியோடு திரும்பி வந்தாள். கடைக்குத்தான் சொன்னார். வேறெதற்குச் சொல்வார்? மகன் போனில் கேட்டபோதுகூட, “என்ன மறந்துடுவாராடா உங்கப்பா?” என்று சிரித்துவிட்டாள். எதையும் காட்டிக்கொடுக்காத அந்தப் பேர் சொல்லாத பழக்கத்துக்கு இந்த வயதில் மனதுக்குள் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

பயிற்சி அம்மாள் அவளருகில் வந்து குனிந்தார். “வட்டத்துல உக்கார்ற டீச்சரம்மா மக வீட்டுக்குப் போய்ட்டாங்க. அந்த எடத்துல நீங்க உக்காருங்களேன். உங்க வீட்டுக்காரரு உங்களக் கூப்பிட்டுப் போடட்டும். சொந்தக்காரங்க பேரச் சொல்ல வெச்சா ரொம்ப நல்லது.”

“எனக்குப் பந்து பிடிக்க வராதுங்க.”

“மெதுவாத்தான் போடுவாரு.”

தபால்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். “வா தங்கச்சி. எங்களுக்கெல்லாம் பட்டப்பேரு வெச்சான்ல, உனக்கு என்ன வெச்சிருக்கான்னு பாப்போம்.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம் போலவும் இருந்தது. ஒருவேளை சொல்லிவிட்டால்? இத்தனை காலத்துக்குப் பிறகு, இத்தனை பேர் நடுவில், அந்தக் குரலில் தன் பேர். அதைக் கேட்க எவ்வளவு ஆசை என்று தெரிந்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது. முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

“வேணாங்க” என்றாள் மெதுவாக. “நான் இங்கேயே இருந்துக்கறேன்.”

பயிற்சி அம்மாள் காலி நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டார். மற்றவர்கள் நகர்ந்து இடைவெளியை அடைத்தார்கள். பந்து மறுபடி கணவர் கைக்கு வந்திருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடுத்து யாரென்று வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பார்வை வட்டத்தைத் தாண்டிச் சுவரோரம் வந்தது. ஒவ்வொரு முகமாக நின்று நின்று நகர்ந்தது. தன்னிடம் வந்து சேர்வதற்குள் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.