மெக்சிகோ கோழி வைத்த அன்று

ஆஞ்சப்பனின் கையைத் தோசைக்கல்லால் உடைத்தவள் நான்தான். யார் கேட்டாலும் ஒத்துக்கொள்வேன். இன்னும் இரண்டு போட்டிருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு லைன் வீட்டில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். நான் மேகலா. கிருஷ்ணகிரி ஹீனா ஒருத்தி, ஊத்தங்கரைப் பக்கத்துத் தமிழ்செல்வி ஒருத்தி. மூன்று பேருக்கும் ஒரே கம்பெனி, வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற வேலை. அந்த வெள்ளிக்கிழமை தமிழ்செல்விக்கு ஊரில் கல்யாணம். மண்டபம், பத்திரிகை, சமையல்காரர் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள், பெண்ணிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. மாமன் மகன் திருமலையை அவளுக்கு ஆகவே ஆகாது. முடியாது என்று போனிலேயே சொல்லிவிட்டு வழக்கம்போல வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஊருக்குப் போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்த வாரம் அவளுக்கு முதல் ஷிப்ட், எனக்கும் ஹீனாவுக்கும் இரண்டாவது. நாங்கள் வீடு திரும்ப ராத்திரி ஆகும். ஆனால் அன்று கனெக்டர் ஏற்றி வர வேண்டிய லாரி வரவில்லை. லைனை நிறுத்தி எங்களைக் கம்பெனி பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை நாளில் ஒரு சாயங்காலம் சும்மா கிடைத்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எலும்பில்லாத கோழி, குடைமிளகாய், ஒரு பட்டர் ஃப்ரூட் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தோம். போனில் பார்த்த மெக்சிகோ கோழியைச் செய்வதாகத் திட்டம்.

முதல் ஷிப்ட் போய் வந்த தமிழ்செல்வி முன்னறையில் பாயில் அடித்துப் போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் உள்ளே சமையல்கட்டில் இருந்தோம். கோழியை விரல் விரலாக நறுக்கி, மிளகாய்த்தூள், சீரகம், பூண்டு, எலுமிச்சை போட்டுப் பிசறி, வெங்காயத்தோடு பெரிய தீயில் வதக்கினேன். பக்கத்து அடுப்பில் ஹீனா சப்பாத்தி போட்டாள்.

"இத சப்பாத்தில சுத்தித் திங்கணும், அவ்ளோதானக்கா? இது எங்க ஊட்டு ரோலு. பேரு மட்டும் ஃபாரினு."

"பேசாம கல்லப் பாருடி, தீயுது."

அப்போதுதான் முன்கதவு படாரென்று சுவரில் மோதியது.

எட்டிப் பார்த்தேன். தமிழ்செல்வியின் அண்ணன் ஆஞ்சப்பன். தூங்கிக்கொண்டிருந்தவளின் முடியைக் கையில் சுருட்டிப் பிடித்து எழுப்பி, கண் திறப்பதற்குள் கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தான். வாசலில் கார் சாவியோடு மாப்பிள்ளை திருமலை நின்றிருந்தான்.

"சத்தம் போட்ட, இங்கயே கொன்னு பொதச்சிருவேன். நடடி."

அவள் நடக்கவில்லை. தரையோடு இழுத்தான். நிலைப்படியில் முழங்கால் இடித்துத் தோல் பிய்ந்தது. ஹீனா பாய்ந்துபோய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் அவள் வாயில் இடித்தான். அவள் சுவரோரம் விழுந்தாள். வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல்லும் தரையில் விழுந்தது.

அப்புறம்தான் அவன் எங்களைச் சரியாகப் பார்த்தான். பார்த்ததும் குழம்பிப்போனான்.

"நீங்க ரெண்டு பேரும் கம்பெனிலதான இருக்கணும்?"

"லாரி வரல" என்றேன். என்ன பதில் அது? வாயில் வந்தது அதுதான்.

தங்கையின் முடியை விடாமலே மறு கையால் என் கழுத்தைப் பிடித்து அடுப்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தான். மூச்சு நின்றது. கை பின்னால் துழாவியதில் கல்லின் பிடி அகப்பட்டது. சப்பாத்தியோடு தூக்கி, முடியைப் பிடித்திருந்த மணிக்கட்டில் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. தோல் பொசுங்கி நாறியது. இரண்டாவது அடி தோளில். ஆத்திரத்தில் அவன் காலை வீச, வாணலி கவிழ்ந்து கோழியெல்லாம் தரையில் கொட்டியது. அந்த எண்ணெயிலேயே வழுக்கி மல்லாந்து விழுந்தான்.

மாப்பிள்ளையைக் காணோம். கார் கிளம்புகிற சத்தம் மட்டும் கேட்டது. கட்டிக்கப் போகிறவளையும் விட்டான், மச்சானையும் விட்டான்.

தமிழ்செல்வி எழுந்தாள். அண்ணனின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் மாறி மாறிக் குத்தினாள். "உங்கூடப் பொறந்தவடா நான். கூடப் பொறந்தவடா." அவள் அவனை டா போட்டு நான் கேட்டதே இல்லை. அவளைப் பிடித்து இழுக்க என் பலமெல்லாம் தேவைப்பட்டது.

அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வெளியே போனான். லைனில் அத்தனை வீட்டுக்காரர்களும் வாசலில் நின்றிருந்தார்கள். இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்கள். வீட்டுக்காரம்மா சென்னம்மா கன்னடமும் தமிழும் கலந்து சமாதானம் சொன்னாள். "அண்ணன் தங்கச்சி சண்ட, ஜகளா, பிடும்மா, விட்டுரு. நாம பூந்தா நல்லாருக்குமா?" அவள் முகத்திலேயே கதவைச் சாத்தினேன்.

உள்ளே, கொட்டிய கோழிக்கு நடுவில் ஆஞ்சப்பனின் போன் கிடந்து அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. தமிழ்செல்வியின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. தன் பக்கம் ஊரில் அம்மா ஒருத்தியாவது இருக்கிறாள் என்று எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நாங்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆஞ்சப்பா, கார்ல ஏத்திட்டியா சாமி? நாஞ்சொன்னேன்ல, அந்தப் புள்ளைங்க ரெண்டும் ராத்திரிதான் வரும், அவ தனியாத் தூங்கிட்டிருப்பான்னு. மூஞ்சில மட்டும் அடிச்சிராத. வெள்ளிக்கெழம போட்டோ புடிக்கணும்."

இந்த வாரம் யாருக்கு என்ன ஷிப்ட் என்று அந்த அம்மாவிடம் சொன்னது வேறு யாருமில்லை, இவள்தான். பெற்றவள் அக்கறையாகக் கேட்கிறாள் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறாள்.

தமிழ்செல்வி அழவில்லை. போனை வாய்க்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, தமிழு பேசறேன். மூஞ்சி வீங்கிருச்சிம்மா."