கார் விளம்பரத்துப் பாட்டு

விடுமுறைக்கான பாட்டை விடுமுறையில் செய்ய முடியாது. டிசம்பர் கடைசியில் ஜனங்கள் பெட்டி கட்டும்போது அது காதில் விழ வேண்டுமானால், மார்ச்சில் எழுதி, ஜூன் புழுக்கத்தில் பாடி, நவம்பர் பிறந்ததும் அனுப்பிவிட வேண்டும். அவள் அப்படித்தான் செய்தாள். அந்த வகையில் அவள்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. பாட்டு அவளுடைய இன்னொரு வேலை. பின்னால் கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. எழுதுவது, மெட்டுப் போடுவது, கிடார் வாசிப்பது, அட்டைக்குப் போட்டோ எடுப்பது, கடைசியில் முன்பின் தெரியாத நாலு பேரிடம் கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன் என்று பல்லைக் காட்டுவது, எல்லாம் அவளேதான். பன்னிரண்டு வருடத்தில் பத்தொன்பது பாட்டு வெளியிட்டிருந்தாள். அவற்றை முழுதாகக் கேட்டவர்களை ஒரு பேருந்தில் உட்கார வைத்துவிடலாம். நிற்க வேண்டிய அவசியம் இருக்காது.

இந்த இருபதாவது பாட்டு அப்படிப் போகாது என்று அவளுக்குத் தோன்றியது. ஆண்டிறுதி விடுமுறைக்கு வீட்டுக்குக் கிளம்புகிறவர்களைப் பற்றிய பாட்டு அது.

பெட்டிமேல ரெண்டு பேர் உக்காந்தும் பூட்டு விழலை,
விட்டுவர ஒண்ணுமில்லை, வீடு இன்னும் கிட்ட வரலை

என்று தொடங்கும். ஏப்ரலில் அண்ணன் வீட்டு ஹாலில் முதன்முதலாகப் பாடிக் காட்டியபோது அண்ணி போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அதுவே பெரிய விஷயம். அண்ணன் அதைத் தன் போனில் பதிவு செய்துகொண்டார். தம்பி, தங்கை என்று யார் எதைச் செய்தாலும் பதிவு செய்துகொள்வது அவர் வழக்கம் என்பதால் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

முறையான பதிவு படுக்கையறை அலமாரிக்குள் நடந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கோட்டுகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே தலையை நுழைத்துக்கொண்டு, வியர்வை கண்ணில் இறங்க இறங்கக் குளிர்காலத்தைப் பற்றிப் பாடினாள். கணவர் கணக்கு வாத்தியார். பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவரிடம், தாள் புரட்டும் சத்தம் கேட்கிறது, சற்று நிறுத்துங்கள் என்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின.

நவம்பர் முதல் வாரத்தில், பாட்டுகளை எல்லாச் செயலிகளுக்கும் அனுப்பித் தரும் ஒரு நிறுவனத்துக்கு ஏற்றி அனுப்பினாள். முதலில் அட்டைப்படத்தைத் திருப்பி அனுப்பினார்கள். படத்திலிருந்த பெட்டியில் அதைச் செய்த கம்பெனியின் பெயர் தெரிகிறதாம். பெயரை மறைத்து அனுப்பினாள். படம் தெளிவாக இல்லை என்று மறுபடி வந்தது. காலையிலிருந்து மாலைவரை மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்பதையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு அந்த வரி சுருக்கென்று தைத்தது. மூன்றாவது படத்தை ஏற்றுக்கொண்டார்கள். அப்பாடா என்று அவள் உட்கார்ந்த வாரத்தில்தான் அடுத்த கடிதம் வந்தது. இந்தப் பாட்டு ஏற்கெனவே வேறொருவருக்குச் சொந்தமானது, ஆகவே வெளியிட இயலாது.

இது என் பாட்டு என்று எழுதினாள். உங்கள் பொறுமைக்கு நன்றி, பாட்டின் உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று அனுப்புங்கள் என்று பதில் வந்தது. நான்தான் உரிமையாளர் என்று எழுதினாள். அப்படியானால் அனுமதி பெறுவது உங்களுக்கு எளிதாக இருக்கும் என்று பதில் வந்தது. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஒவ்வொரு பெயர். ஒவ்வொன்றிலும் அவளுடைய பொறுமைக்கு நன்றி. இல்லாத ஒன்றுக்கு இத்தனை பேர் நன்றி சொல்கிறார்களே என்று கணவரிடம் பொருமினாள்.

ஆறாவது கடிதத்தில்தான் யாரோ ஒரு புண்ணியவதி, உரிமை கோரியிருப்பவரின் பெயரைக் குறிப்பிட்டிருந்தாள். உள்ளூர் வியாபாரிகளுக்கு விளம்பர வீடியோ செய்து தரும் ஒரு கடை அது. அவர்களுடைய பக்கத்தைத் திறந்தவுடன், வரிசையாக நின்ற பழைய கார்களுக்கு நடுவே கையை விரித்துக்கொண்டு அண்ணன் நின்றார். பின்னணியில் அவளுடைய குரல். ஏப்ரல் மாதத்து ஹால், ஏப்ரல் மாதத்துக் கிடார். பல்லவி முடிந்து இரண்டு வரி இசை மட்டும் வரும் இடத்தில், அண்ணன் தன் பழைய கார் கடையின் போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக, தாளம் தவறாமல் சொன்னார்.

அவள் உடனே அண்ணனை அழைத்தாள். அவர் குரலில் ஒரே பூரிப்பு. நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள், உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் சொல்லவில்லை என்றார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அதனால் என்ன, அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்ம ஆள்தான் என்றார். அந்தப் பையனுக்கு ஐம்பது வயதிருக்கும் என்பது போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது அவருடைய அலுவலகம். விளம்பரக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். தன் மென்பொருள் வழியாகப் போகும் எந்த இசையும் தன் கடையின் பெயரில் தானாகவே பதிவாகிவிடும் என்றார். அதை விலக்கிக்கொள்ள, பாட்டு அவளுடையதுதான் என்று அந்த வெளியீட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார். அந்த நிறுவனம் அதே கடிதத்தை அவரிடமிருந்து கேட்கிறது என்று அவள் சொன்னாள். அவர் சற்று யோசித்துவிட்டு, ஆமாம், சிக்கல்தான் என்று ஒப்புக்கொண்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

"திங்கக்கிழமை வரமாட்டேன் சார்," என்றாள் அவள். "இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் இப்படி ஓரமா உக்காந்திருக்கேன்."

மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். கீழே டயரில் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு சோபா விளம்பரத்துக்கு அவர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பதினொரு தடவை ஒரே வரியை அவள் முன்னால் சொல்ல நேர்ந்ததும் அவருக்கே கூச்சம் வந்திருக்க வேண்டும். நாற்காலியைத் திருப்பி, கணினியில் எதையோ தேடி, ஒரு சிறு கட்டத்துக்குள் இருந்த டிக் குறியை எடுத்துவிட்டார். "முடிஞ்சிருச்சு மேடம்," என்றார். அரை நிமிட வேலை.

அன்று மாலையே நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. உரிமை விலக்கப்பட்டதை அறிந்தோம், மகிழ்ச்சி, ஏழு முதல் பத்து வேலை நாட்களுக்குள் பாட்டு வெளியாகும், விடுமுறை நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. அவள் காலண்டரை எடுத்துப் பார்த்தாள். விடுமுறைப் பாட்டு, விடுமுறையின் காரணமாக, விடுமுறை முடிந்த பிறகுதான் வரும். கணவர் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்ததும் விடைத்தாள்களுக்குத் திரும்பிவிட்டார்.

இதற்கிடையே ஒரு மாதத்துக்கு முன்பே அண்ணன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பெரிய வணிக வளாகத்தில் அவள் பாட வேண்டும். மறுக்கலாம் என்றால் வானொலிக்காரர்கள், செயலிகளில் பாட்டுப் பட்டியல் போடுகிறவர்கள் என்று அவள் எழுதிய அறுபத்து மூன்று கடிதங்களில் இரண்டுக்குத்தான் பதில் வந்திருந்தது. அதில் ஒன்று, நான் வெளியூரில் இருக்கிறேன் என்று தானாகப் போகும் பதில். சரி, நேரிலாவது நாலு பேர் கேட்கட்டும் என்று கிடாரைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேடை. முதல் இரண்டு பாட்டுக்கு யாரும் நிற்கவில்லை. நடுவே இரண்டு தடவை, வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் வெள்ளைக் காரை எடுக்கும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூன்றாவதாகப் பெட்டிப் பாட்டைத் தொடங்கினாள். இரண்டாவது வரியிலேயே ஆட்கள் நின்றார்கள். பைகளைக் கீழே வைத்தார்கள். நூறு பேருக்கு மேல் இருக்கும். பன்னிரண்டு வருடத்தில் அவள் பார்த்திராத கூட்டம். பல்லவியை முடித்துக் கிடாரை மட்டும் மீட்டத் தொடங்கினாள். அப்போது கூட்டம் முழுவதும் ஒரே குரலில், ஒவ்வொரு எண்ணாக, அண்ணனின் போன் நம்பரைச் சொன்னது.

அவள் வாசிப்பதை நிறுத்தினாள். போன் நம்பர் இந்தப் பாட்டில் கிடையாது என்று மைக்கில் சொன்னாள். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். கார் விளம்பரத்துப் பாட்டுதானே, நம்பர் இல்லாமல் எப்படி என்று முன்னால் நின்ற ஒரு பெண்மணி தன் கணவரிடம் சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அடுத்த பல்லவி முடிந்ததும் இடைவெளியே விடாமல் சரணத்துக்குப் பாய்ந்தாள். கூட்டம் முதல் மூன்று எண்களைச் சொல்லித் தடுமாறி நின்றது. ஒரு மாதிரி முடித்துவிட்டு இறங்கினாள்.

கார் நிறுத்துமிடத்தில் அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கிடாரை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் தரவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப பாப்பா."

"ஆமா. அதுக்குத்தான் கேக்கணும்."

அவளுடைய பத்தொன்பது பாட்டையும் தான் கேட்டிருப்பதாக அவர் சொன்னார். கடை திறக்கும் முன் கார்களைத் துடைக்கும்போது தினமும் ஒன்று. ஒவ்வொரு தடவையும் பாட்டுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் கேட்டவர்கள் எண்ணிக்கையைப் பார்ப்பாராம். "எனக்குக் கோவம் கோவமா வரும். இவ்வளவு நல்லா பாடுறா, ஒருத்தனுக்கும் தெரியலையேன்னு. எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி விளம்பரம்தான். அதைச் செஞ்சேன். தப்புதான்."

அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் கோபம் போகவில்லை. கிடாரை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனின் காரில் ஏறி உட்கார்ந்தாள். அவர் வீடுவரை ஓட்டிவந்து விட்டுப்போனார். பழைய கார் வியாபாரம் சூடாக நடப்பதே ஆண்டிறுதியின் அந்தப் பத்து நாட்கள்தான். ஆனாலும் மறுநாள் காலை பார்த்தபோது விளம்பரம் எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுக்கப்பட்டிருந்தது. அண்ணி போன் செய்து, உன் அண்ணன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார், ஒரு வார்த்தை பேசிவிடு என்றாள். அவள் பேசினாள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள், அவ்வளவுதான். அவர்கள் வீட்டில் சமாதானம் அப்படித்தான் ஆகும்.

பாட்டு ஜனவரி எட்டாம் தேதி வெளியானது. தெருவில் அலங்கார விளக்குகளை ஏணி வைத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் வாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டார்கள். வெளியூரிலிருந்து திரும்பிய வானொலிக்காரி, பாட்டு அருமை, அடுத்த செப்டம்பரில் நினைவூட்டுங்கள் என்று எழுதியிருந்தாள். இவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அந்த மாதம் பதினாறாம் தேதி ஒரு நர்ஸ் கண் பரிசோதனைக்கு வந்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் பாவை விரிய அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கண்ணை மூடியபடி அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் விடுமுறையில் இருந்தபோது தனக்கு வார்டில் தொடர்ந்து வேலை, இப்போதுதான் ஒரு வாரம் லீவு கொடுத்தார்கள், நாளைக்குக் கிளம்புகிறேன், போகிற இடத்தில் எல்லோரும் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள் என்றாள். எதற்கென்று யோசிக்காமலேயே இவள் தன் போனில் பெட்டிப் பாட்டைப் போட்டாள். யார் பாடியது என்று சொல்லவில்லை. நர்ஸ் கண்ணைத் திறக்காமல் முழுவதும் கேட்டாள்.

"இன்னொரு தடவை போடுறீங்களா?" என்றாள். முடிந்ததும், "நாளைக்கு நைட்டு எங்க வீட்டுல எனக்காக மறுபடி சமைக்கிறாங்களாம். எல்லாரும் லீவு கேட்டுட்டு வர்றாங்க," என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள்.

அன்று மதிய இடைவேளையில் அவள் தன் பாட்டின் பக்கத்தைத் திறந்து, விடுமுறை வாழ்த்தாக எழுதியிருந்ததை அழித்தாள். எல்லோருடைய லீவும் முடிந்த பிறகு லீவு கிடைத்தவர்களுக்கு என்று எழுதினாள். போகும் முன் கேட்டு வாங்கிக்கொண்ட பாட்டின் இணைப்பை நர்ஸ் தன் வார்டுக் குழுவுக்கு அனுப்பினாள். அங்கிருந்து ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்குப் போயிற்று. விமான நிலையத்தில் துப்புரவு பார்க்கும் ஒருவர், எனக்கு லீவு பிப்ரவரியில்தான், அந்த மாதம் முழுக்க இதைத்தான் கேட்கப் போகிறேன் என்று எழுதினார். மாத முடிவில் கேட்டவர்கள் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். விளம்பரத்தின் நாற்பதாயிரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லைதான். அவள் ஒப்பிடவில்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில், அவள் பொறுமைக்கு நன்றி சொல்லி நிறுவனம் ஒரு கடிதம் அனுப்பியது. உங்கள் பாட்டு விடுமுறைக்கால வகையில் பதிவாகியிருப்பதால், பருவம் கடந்த நிலையில் வகையை மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிட்டு, காத்திருந்த அடுத்தவரை உள்ளே வரச் சொன்னாள்.