சிவப்பு வட்டம்

மார்ச் 12, புதன்.

இன்று ஒரு சீட்டில், தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எழுதிவிட்டேன்: 'போர்டு பழுது.' அந்த லேப்டாப்பைக் கடையில் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பகலில் லேப்டாப் சர்வீஸ் கடையில் எனக்கு வேலை. மாலையில் பழுதுபார்ப்பு வகுப்பு. கடை முதலாளியை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். காலையில் வந்தவர் ஒரு தையல்கார அக்கா. தன் லேப்டாப்பின் பழைய பேட்டரியைக் கழற்றிப் புதிதைத் தானே போட்டிருக்கிறார். சார்ஜர் விளக்கு எரிகிறது, பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. பன்னிரண்டு வருடமாக அவர் வரைந்த எம்பிராய்டரி டிசைன்கள் எல்லாம் அதற்குள்தான். வேறெங்கும் நகல் இல்லை.

"யாரும்மா உங்கள தெறக்கச் சொன்னது? போர்டு போச்சு. உள்ள இருக்கறதும் போச்சு," என்றார் டாக்டர்.

அக்கா தலை குனிந்துகொண்டார். "சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டேன்," என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

இந்தக் கடையில் ஒரு வழக்கம். தானே திறந்துவிட்டு வருபவரின் சீட்டில் சிவப்பு வட்டம் போட வேண்டும். வட்டம் போட்டால் எப்போதும் போர்டு பழுதுதான். அந்த மெஷினை டாக்டர் கழிவு விலைக்கு வாங்கிக்கொண்டு, வேறொரு பழைய மெஷினை அவர்கள் தலையில் கட்டிவிடுவார். நானே வட்டம் போட்டேன். அக்காவிடமும் டாக்டர் மெஷினைக் கழிவுக்குக் கேட்டார். யோசித்து முடிவு சொல்வதாக, மெஷினை வைத்துவிட்டு அக்கா போனார்.

டாக்டர் சாப்பிடப் போனதும் மனம் கேட்கவில்லை. கடைசியாகக் கைபட்ட இடத்தை முதலில் பார் என்பது வகுப்பில் சொன்ன பாடம். சார்ஜரைப் பிடுங்கினேன், மூடியைத் திறந்தேன், பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். பேட்டரிக்குப் பக்கத்தில், பட்டனிலிருந்து வரும் பட்டை ஒயர் பாதி வெளியே நழுவியிருந்தது. பேட்டரியைத் தூக்கும்போது இழுபட்டிருக்கும். என் கண்ணை நான் நம்பவில்லை. விளக்கைப் போட்டு இரண்டாவது முறையும் பார்த்தேன். பிறகு அக்காவைப் போனில் வரவழைத்து, அவர் கண் முன்னாலேயே ஒயரைச் செருகிப் பூட்டி, பேட்டரியை இணைத்து பட்டனை அழுத்தினேன். திரை எரிந்தது. டிசைன் ஒவ்வொன்றாக வந்தது.

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். யாரைக் கேட்டுத் திறந்தாய் என்று என்மேல் பாய்ந்தார். அக்கா குறுக்கே வந்தார்.

"பாப்பாவ ஏன் திட்டுறீங்க? தச்ச துணிய பாழாக்கிட்டேன்னு ஒருத்தி வந்து அழுதா, ரெண்டு தையல பிரிச்சு சரிபண்ணுவேன். துணியே போச்சுன்னு சொல்லி நான் எடுத்து வச்சுக்க மாட்டேன். நான் செஞ்சது தப்பு. ஒத்துக்கிட்டேன். நீங்க செஞ்சது திருட்டு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நாளை முதல் வர வேண்டாம் என்றார் என்னிடம்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று புரிந்தது. தன் தவறை ஒத்துக்கொள்பவரை ஏமாற்றுவதுதான் உலகத்திலேயே சுலபம். அதனாலேயே அதைவிடக் கேவலம் வேறில்லை. தவறு செய்தவர்கூட "திறந்து காட்டு" என்று கேட்கலாம். கேட்க வேண்டும். அதை அவர்களுக்குச் சொல்லாமல் வட்டம் போட்ட என் கையும் அந்தத் திருட்டில் சேர்த்திதான்.

கிளம்பும் முன் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். இந்த மாதம் இன்னும் நான்கு வட்டங்கள், நான்கும் என் கையெழுத்து. அவர்களின் போன் எண்களைக் குறித்துக்கொண்டேன்.

நாளை: காலை ஒன்பது மணிக்கு அந்த நான்கு பேரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும். பிறகு வேலை தேட வேண்டும்.