லஸ்தேனியாவின் நீர்மட்டம்

சாந்தா மெலானியா என்ற ஆற்றங்கரை ஊரில் உக்காயாலி நதியின் நீர்மட்டமும், படகுத்துறையில் சுட்ட மீன் விற்கும் லஸ்தேனியா அவானாரியின் ரத்த அழுத்தமும் ஒரே எண். கடல் மட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று துறையின் அளவுக்கம்பம் காட்டுகிறதோ, அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால் அதே எண்தான் மேல் எண்ணாக வரும். மார்ச் வெள்ளத்தில் 118, ஆகஸ்டில் 109. எத்தனை காலமாக இப்படி நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவளுக்கு நாற்பத்தாறு வயதாகும்வரை அந்தக் கையில் பட்டை சுற்ற யாருக்கும் தோன்றியதில்லை. வெள்ளம் வந்தால் காது இரைகிறது என்று அவள் சொல்வதுண்டு. ஆற்றங்கரையில் யாருக்குத்தான் இரையவில்லை என்று மற்றவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குன்றின் மேலிருந்த சிறிய பல்கலைக்கழகத்தில் மருத்துவம், சுற்றுச்சூழல், கணினி என்று மூன்று துறைகள். மூன்றுக்கும் ஒரே தொலைபேசி, ஒரே கழிப்பறை, ஒரே காபிப் பாத்திரம். இவற்றைத் தவிர வேறு எதிலும் அவர்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மருத்துவத் துறையின் டாக்டர் நொயேமி தங்கோவா, படகுத்துறையில் பிழைக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் ரத்த அழுத்தத்தை எழுதிவந்தாள். சுற்றுச்சூழல் துறையின் பொறியாளர் பௌஸ்தோ வில்செஸ் நதியின் மட்டத்தை எழுதிவந்தார். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர். பதினோரு வருடம் இந்தச் சேற்றில் நடந்தும் பளபளக்கும் தோல் காலணியை விடாதவர். இருவருடைய நோட்டுகளையும் கணினியில் ஏற்றியவன் வில்தெர் பின்ச்சி. ஒரு மத்தியானம் அவன் ஒரே எண்கள் வரிசையாக ஓடிய இரண்டு காகிதங்களோடு காபிப் பாத்திரத்தருகே வந்து சத்தம் போட்டான்.

"ரெண்டு பேர்ல யாரு யாரப் பாத்துக் காப்பியடிச்சீங்க? பசங்க பண்ணினா ஃபெயில் போடுறீங்கல்ல?"

"என் நம்பர் ஒரு பொம்பளையோட கையிலேர்ந்து வந்தது" என்றாள் நொயேமி.

"என்னது ஆத்துலேர்ந்து வந்தது" என்றார் பௌஸ்தோ.

மூவரும் காபியை அப்படியே வைத்துவிட்டுத் துறைக்கு இறங்கினார்கள். கம்பம் 112. லஸ்தேனியா 112.

மறுவாரமே ஆய்வு தொடங்கியது. ஒன்பது பக்க ஒப்புதல் படிவத்தை லஸ்தேனியா படிக்கவில்லை. அடுப்பில் மீன் கருகிக்கொண்டிருந்தது, டாக்டரம்மா மரியாதையாகப் பேசினாள், அவ்வளவுதான்; கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் பிரதியை மீன் தட்டுக்கு அடியில் செருகிவைத்தாள். நாளைக்கு மூன்று முறை நொயேமி பட்டையோடு வந்தாள். நதி இந்தப் பெண்ணை ஆட்டுகிறதா, இந்தப் பெண் நதியை ஆட்டுகிறாளா என்பதுதான் கேள்வி. நதிதான் என்றாள் நொயேமி. இரண்டுமே அபத்தம் என்றார் பௌஸ்தோ, ஆனால் சரியாகத் தூங்கவில்லை. கட்டுரையைப் பதினோரு ஆய்விதழ்களுக்கு அனுப்பினார்கள். ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிறுவ முடியாது, இதுபோல் இன்னும் சில பெண்களைக் காட்டுங்கள் என்று பதினொன்றும் திருப்பி அனுப்பின. இங்கே இருப்பது ஒரே ஒரு நதிதான் என்று நொயேமி பணிவாகப் பதில் எழுதினாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு குடிகாரன் லஸ்தேனியாவின் அடுப்பை உதைத்துத் தள்ளினான். அவனை அவள் அகப்பையோடு துரத்திய கால்மணி நேரத்தில், மேலே எங்கும் மழையில்லாமல், தண்ணீர் சந்தையின் மூன்றாவது படிக்கு வந்துவிட்டது. தலைநகரிலிருந்த நெறிமுறைக் குழுவுக்கு இது தெரியவந்ததும், ஆய்வுக்காக யாரும் அவளை வேண்டுமென்று சீண்டக்கூடாது, அவள் மனநிலைக்குக் குந்தகம் வரக்கூடாது என்று கண்டிப்பாகக் கடிதம் எழுதியது. குன்றின் மேலிருந்த மூவரும் நல்லவர்கள், கடமைக்கு உயிரை விடுகிறவர்கள். அதனால்தான் வேறு யாரும் செய்யாத தப்பைச் செய்தார்கள். குந்தகம் என்றால் கெட்ட செய்தி மட்டும்தானா, நல்ல செய்தியும் மனத்தைக் குலுக்கும் அல்லவா என்று யோசித்து, லஸ்தேனியாவிடம் யாரும் எந்தச் செய்தியும் சொல்லக்கூடாது என்று ஒரு அறிவிப்பு அடித்துத் துறையிலும் மாதாகோயில் வாசலிலும் சலூனிலும் ஒட்டினார்கள். கீழ்க்கரைக்காரர்களுக்கு இது தேனாக இனித்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் தண்ணீர் ஏறுவது அவர்கள் வீட்டுத் தளத்தில்தானே. அறிவிப்பை மீறுகிறவர்களை அவர்களே முறைவைத்துக் கண்காணித்தார்கள்.

அப்படி நான்கு வருடம் போயிற்று. அவளிடம் வந்தவர்கள் வெயில் அடிக்கிறது என்றார்கள், ஆமாம் என்றாள், போனார்கள். கால்பந்து முடிவுகள் ஒரு வாரம் கழித்து, சாவுக்கு மணியடிக்கிறவன் குரலில் சொல்லப்பட்டன. மீன் பொசுங்கியிருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று விழுங்கினார்கள். அடுத்த கடையில் பிஹாவோ இலையில் ஹுவானே சோற்றுப் பொதி விற்கும் எவுஃபேமியாவின் பாடுதான் பெரும்பாடு. இருபது வருடமாக ஊர் வம்பு முழுவதையும் காலையில் கொண்டுவந்து கொட்டியவள், இப்போது வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஆறு கிலோ இளைத்தாள், உடம்பெல்லாம் அரிப்புத் தடிப்புகள் கிளம்பின. வயதானால் ஊரே இப்படித்தான் உப்புச்சப்பில்லாமல் போய்விடும் போலிருக்கிறது என்று லஸ்தேனியா நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு கவலைதான், அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகள் சோய்லா வேலை தேடி நதியில் மேல்நோக்கி நான்கு நாள் படகுத் தொலைவிலிருக்கும் புகால்பாவுக்குப் போயிருந்தாள். பேசுவதற்கு லஸ்தேனியா கொடுத்தனுப்பியது குன்றின் மேலிருந்த தொலைபேசி எண். முதல் வருடம் இரண்டு முறை, என் பொண்ணு போன் பண்ணினாளா என்று அவள் கேட்டாள். நொயேமிக்குப் பொய் சொல்ல வராது. "ஆய்வு முடியட்டும்க்கா, எல்லாத்தையும் மொத்தமா உக்காந்து பேசலாம்" என்றாள். இல்லை என்பதைத்தான் படித்தவர்கள் இவ்வளவு இதமாகச் சொல்வார்கள் என்று லஸ்தேனியா புரிந்துகொண்டாள். அதற்குப்பிறகு கேட்கவில்லை. ஆய்வும் முடியவில்லை, வருடாவருடம் நீட்டிக்கப்பட்டது.

நதி அடங்கிப்போயிற்று. முதல் வருடம் வெள்ளம் வராததற்குக் கீழ்க்கரையில் இசைக்குழு வைத்து ஆடினார்கள். இரண்டாம் வருடம், நெல் தெளிக்க, வெள்ளம் விட்டுப்போகும் சேறே இல்லை. மூன்றாம் வருடம் மீன் குறைந்தது. காட்டுக்குள் தண்ணீர் ஏறினால்தானே மீன் உள்ளே போய் முட்டையிடும். மட்டம் 112, 110, 107 என்று இறங்கிக்கொண்டே வந்தது. அழுத்தமே ஏறாத ஆறு சீக்காளி ஆறு என்று பௌஸ்தோ அறிக்கை எழுதினார். நான்காம் வருடம் செப்டம்பரில் கம்பம் 104 காட்டியது, அதற்குக் கீழே கம்பத்தில் கோடே இல்லை. பதினோரு படகுகள் மணல்திட்டில் தட்டி நின்றன. ஊரில் வெங்காயம் இல்லை, எரிவாயு இல்லை, பீர் இல்லை. லஸ்தேனியா எழுந்தால் கண் இருட்டிற்று. நொயேமி உப்பைக் கூட்டிப் பார்த்தாள், காபி கொடுத்துப் பார்த்தாள், ஒன்றும் அசையவில்லை.

விற்க மீன் இல்லை, வாங்க ஆள் இல்லை, பேச நாதியில்லை. தலைசுற்றி உட்கார்ந்திருந்த ஒரு காலையில் லஸ்தேனியா காலித் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். எண்ணெயில் ஊறிய ஒன்பது பக்கம் அடியில் இருந்தது. வேறு வேலை இல்லாததால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். பதினான்காவது விதி: பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். பதினைந்தாவது: விலகும்போது தன் பெயரில் பதிவான அனைத்தையும் கேட்டுப் பெறலாம். இரண்டையும் மூன்று முறை படித்தாள். பிறகு அடுப்பை மூடிவிட்டு, மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து குன்று ஏறினாள்.

"நான் வெலகிக்கிறேன் டாக்டரம்மா."

நொயேமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன்க்கா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்ல, அதான் எனக்குப் புளிச்சுப்போச்சு. காரணம் சொல்ல வேண்டாம்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. என் பேர்ல இருக்கறத எல்லாம் குடுங்க, நான் போறேன்."

பௌஸ்தோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். வில்தெர் முந்திக்கொண்டான்: விதி என்றால் விதிதான், இன்ஜினியர். கணினியில் அவளுடைய எண்ணைத் தட்டினான். நாலாயிரத்துச் சொச்சம் அளவீடுகள் தாள் தாளாக வந்து விழுந்தன. கடைசியில், கூடவே வரும் என்று அவன் நினைத்தே பார்க்காத ஒரு பட்டியலும் அதே எண்ணின் கீழ் வெளியே வந்தது. தலைப்பு, தள்ளிவைக்கப்பட்ட செய்திகள். மொத்தம் முப்பத்தொன்று. நொயேமி கையை நீட்டுவதற்குள் லஸ்தேனியா கண்ணாடியை மாட்டிக்கொண்டுவிட்டாள்.

ஒன்று: மகளுக்கு மரப்பட்டறையில் வேலை கிடைத்தது, வகை நல்லது. நான்கு: வீடு மாறினாள், புது விலாசம், புது எண், வகை சாதாரணம். ஒன்பது: காய்ச்சலில் கிடந்தாள், தேறிவிட்டாள், வகை கலப்பு. பதினேழு: அம்மாவுக்கு என்மேல் கோபமா என்று கேட்கிறாள், வகைப்படுத்த முடியவில்லை.

பதினேழில் லஸ்தேனியா நிறுத்தினாள். கீழே துறையில் ஒரு படகு, யாரும் தொடாமல், மணலை விட்டு லேசாகத் திரும்பியது.

"நாலு வருஷமா எம்பொண்ணு என்னத் தலமுழுகிட்டான்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்டி" என்றாள் மெதுவாக. பிறகு மெதுவாக இல்லை. "தெனம் மூணு வேள என் கையப் புடிச்சியே, அந்தக் கைக்குள்ள ஒரு மனுஷி இருக்கான்னு ஒனக்குத் தெரியலையா? படிச்சு என்னத்தக் கிழிச்சீங்க மூணு பேரும்? வகையாம் வகை! கோபமான்னு அவ கேட்டிருக்கா, நீங்க வகை தேடுனீங்களா?"

நொயேமி அழுதாள். தப்பு செய்துவிட்டோம் அக்கா என்றாள். பௌஸ்தோ தன் காலணியைப் பார்த்தபடி நின்றார். வில்தெர் மட்டும் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். சந்தைப் படிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

லஸ்தேனியா மூக்கைச் சிந்திவிட்டு மீதியைப் படித்தாள். கல்யாணம், வகை நல்லது. மாப்பிள்ளை குறட்டை விடுகிறான், வகை சாதாரணம். முப்பத்தொன்று, முந்தாநாள் தேதியில்: பெண் குழந்தை, மூன்று கிலோ இருநூறு கிராம், இருவரும் நலம், அம்மா எப்போது வருவாள் என்று கேட்கிறாள். அவள் அந்த வரியை விரலால் தடவினாள், மறுபடி படித்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலியே பின்னால் நகர்ந்தது. கீழே பதினோரு படகுகளும் மணலை விட்டு மிதந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கு ஊதத் தொடங்கின. ஊரே துறைக்கு ஓடியது. நான்கு வருடம் கட்டிவைத்த வாயைத் திறந்து எவுஃபேமியா குன்றைப் பார்த்துக் கத்தினாள்: "அடியேய் லஸ்தேனியா, யார்டி ஒனக்குச் சொன்னது? எனக்கு முந்தியே சொல்லிப்புட்டாங்களா?"

நொயேமி பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கவும் துணியாமல், கீழே வைக்கவும் மனமில்லாமல் நின்றாள்.

"நான் ஒங்க ஆய்வுல இல்ல, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் லஸ்தேனியா. பிறகு கையை நீட்டினாள். "சரி, எவ்வளவுன்னு பாரு. எனக்கே தெரிஞ்சுக்கணும் போலிருக்கு."

116. நொயேமி மறுபடி அக்கா என்று ஆரம்பித்தாள்.

"மன்னிப்பெல்லாம் அப்பறம். மொதப் படகு எப்பக் கெளம்புது?"

தண்ணீர் கீழ்க்கரையில் வீட்டுப் படிகளின் கடைசிக்கு ஒன்று முன்னால் நின்றது. அன்று பிற்பகலே லஸ்தேனியா கிளம்பினாள். அவளுடைய தொங்குகட்டிலையும் துணிமூட்டையையும் பௌஸ்தோ தலையில் வைத்துக்கொண்டு, பதினைந்து வருடத்தில் முதல் தடவையாகக் காலணியைக் கழற்றிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்ப் படகில் ஏற்றினார். படகு வரைக்கும் வழி நெடுக நொயேமி முப்பத்தொரு செய்திக்கும் தனித்தனியாகத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். கடைசித் திட்டு முடிந்ததும் லஸ்தேனியா அவள் தலையை ஒரு தட்டுத் தட்டி, பட்டையைக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள்.

புகால்பாவில் நதியின் மட்டம் நூற்று நாற்பதுக்கும் மேல். அங்கே போனால் இவள் கதி என்ன ஆகும் என்று மருத்துவத் துறை பயந்தது. ஒன்றும் ஆகவில்லை. எங்கே இருந்தாலும் அவள் கையில் வந்தது சாந்தா மெலானியாவின் எண்தான். அடுத்த மார்ச்சில் வெள்ளம் முறையாக வந்தது, கீழ்க்கரைக்காரர்கள் முறையாகத் திட்டினார்கள், சேற்றில் நெல் தெளித்தார்கள், மே மாதம் மீன் இவ்வளவு மலிந்ததே இல்லை என்று அலுத்துக்கொண்டார்கள். அந்த வெள்ளத்தில் கரையான் அரித்த அளவுக்கம்பம் அடித்துக்கொண்டு போயிற்று. புதிது நட யாரும் சிரமப்படவில்லை. காலை ஏழு மணிக்கு சோய்லா தன் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் எண்ணைச் சொல்வாள், படகுத்துறை அலுவலகம் அதைக் கரும்பலகையில் எழுதும், படகோட்டிகள் பார்த்துக்கொண்டு போவார்கள். கட்டுரையைப் பன்னிரண்டாவது ஆய்விதழ் வெளியிட்டது. எது எதை ஆட்டுகிறது என்பதற்கு மேலும் ஆய்வு தேவை என்று அது முடிந்தது. மூவரும் மேலும் ஆய்வு செய்யவில்லை. அறிவிப்புகளை அவர்களே போய்க் கிழித்தார்கள்.

ஜூன் மாதம் ஒரு காலை, வானத்தில் பொட்டு மேகமில்லை, தொலைபேசி இன்னும் அடிக்கவில்லை. தண்ணீர் ஒரு சாண் ஏறிக் கீழ்க்கரையின் வாசல்களை நனைத்துவிட்டு நின்றது. எவுஃபேமியா பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"கொழந்தைக்கு மொதப் பல்லு மொளச்சிருக்கு."