முதல் மீட்டர்

ஊர்க் கூட்டம் தொடங்கும் முன்பே இவனுக்கு வயிறு எரிந்தது. இவன் வைத்திருப்பது சலவைக்கடை. மதிலுக்கு அந்தப் பக்கம் செடி நர்சரி. நடத்துவது சகலை, மனைவியின் தங்கை புருஷன். மாமனார் பெண் கொடுத்ததில் பாரபட்சம் பார்க்கவில்லை, பூமிதான் பார்த்தது. இவன் போர்வெல்லில் தண்ணீரைவிடக் காற்றே அதிகம் வந்தது. சகலையோ இன்னும் ஆழமாக இறக்கி, செடிகளுக்கு மழை மாதிரி அடித்துக்கொண்டிருந்தான்.

அதற்குத்தான் இந்தத் தீர்மானம். எல்லா போருக்கும் மீட்டர். அளவுக்கு மேல் இறைத்தால் மோட்டார் இணைப்பு கட். வீட்டுக்கு ஒரு ஓட்டு. வாசல் வாசலாக ஏறி இறங்கி ஆதரவு திரட்டியவன் இவன்தான். வெளியே பேசியது நிலத்தடி நீர். உள்ளே இருந்தது சகலையின் முகம். மீட்டரைப் பார்த்து அது சுருங்கும் அழகை மனசுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருந்தான்.

பள்ளிக்கூட ஹாலில் தலைவர் தீர்மானத்தைப் படித்து முடித்ததும் சகலை எழுந்தான். வாடா, கத்து என்று இவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அதிகமா இறைக்கறவன் நான்தான். முதல் மீட்டரை என் போர்லயே மாட்டுங்க."

ஹால் முழுக்கக் கைதட்டல். இவன் மனைவியும் தட்டினாள்.

"தங்கமான மனுஷன், இல்ல?"

கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தை இவனுக்குக் கிடைத்ததில்லை. செருப்பு தேய அலைந்தவன் ஒருவன், பெயர் வாங்கிப் போகிறவன் இன்னொருவன்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார் தலைவர். முதலில் எழுந்தது சகலையின் கை. இனி எழும் எந்தக் கையும் அதற்குப் பின்னால் எழுந்த கைதான். இவன் கை மடியிலேயே கிடந்தது.

"என்னங்க, நீங்க கொண்டுவந்த தீர்மானம். கை கிய் சுளுக்கிக்கிச்சா?"

"சும்மா இரு."

இரண்டு முறை எண்ணினார்கள். ஒரே ஓட்டு குறைந்து தீர்மானம் தோற்றது. யார் காலை வாரியது என்று வாசல் வரைக்கும் பேச்சு. கைகளை எண்ணும்போது முன்வரிசையில் இருந்த சகலை திரும்பிப் பார்க்கவே இல்லை. வெளியே வந்து இவன் தோளில் கை போட்டு, உங்க உழைப்பு வீணாப்போச்சே சகலை என்று நிஜமாகவே வருத்தப்பட்டான்.

மறுநாள் காலையில் இவன் மோட்டார் இருமிவிட்டு நின்றது. ஊறவைத்த படுக்கை விரிப்புகள் தொட்டியில் நுரையோடு கிடந்தன. மதிலுக்கு மேலாக ஒரு ஹோஸ் வளைந்து வந்து தொட்டிக்குள் இறங்கியது. தெளிந்த தண்ணீர், கை தடிமனுக்கு.

"மாமா, போதுமா?" அந்தப் பக்கத்திலிருந்து மச்சினியின் குரல். "இன்னும் திறந்து விடச் சொல்லவா?"

நுரை விளிம்பைத் தாண்டி இவன் கால்மேல் வழிந்தது.