கொழுப்புக்கும் பொருத்தம் பார்த்த கதை

அருஞ்சுனையின் தம்பி சங்கரபாண்டியனுக்கு நெஞ்சுவலி வந்தது தை மாசம். அவள் மகள் சுகப்பிரியாவை அவனுக்கே கொடுப்பதென்று பூ வைத்து, சித்திரைக்கு மண்டபமும் சொல்லியாயிற்று. அருஞ்சுனையின் அப்பாவும் அண்ணனும் நாற்பதைத் தாண்டாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே போனவர்கள். மகளை எப்படித் துணிந்து கொடுப்பாள், சொல்லுங்கள்?

மதுரையில் டாக்டரம்மா தம்பியின் முழங்கையில் இருந்த கட்டிகளைத் தடவிப் பார்த்தார். அது ரத்தத்தில் மிஞ்சிய கொழுப்பாம், பிறவியிலேயே வந்த கோளாறாம். அக்காவுக்கும் மகளுக்கும் சேர்த்து ரத்தம் எடுக்கச் சொன்னார்.

அருஞ்சுனைக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பி சனிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கிற ஒல்லிப்பிச்சான். வீட்டுக்காரர் மாதவனோ பந்தல்குடியில் பரோட்டாக் கடை வைத்து, சால்னாவில் மிதக்கிற எண்ணெயை வழித்துத் தின்கிறவர். வந்தால் அவருக்கல்லவா வரணும்?

ரிசல்ட்டு வாங்கத் தாயும் மகளும் போனார்கள்.

"உங்க ரெண்டு பேருக்கும் இருக்கும்மா. உங்களுக்கு அப்பா வழி, பிள்ளைக்கு உங்க வழி."

அருஞ்சுனைக்குப் போன உயிர் திரும்பியது. "அப்பச் சரியாப் போச்சு. தம்பிக்கும் இவளுக்கும் கல்யாணத்தத் தாராளமா முடிச்சிரலாம்."

"எதுக்கு அப்படிச் சொல்றீங்க?"

"செவ்வாய் இருக்கிற பொண்ணுக்குச் செவ்வாய் இருக்கிற மாப்பிள்ளையாத்தானே பாப்போம்? ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சிரும்ல?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இது கழியாதும்மா, கூடும். கொழுப்பக் கரைக்கிற ஜீன் எல்லாருக்கும் அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு வரும். உங்க மூணு பேருக்கும் ஒண்ணு பழுது, ஒண்ணு நல்லது. தம்பியும் பிள்ளையும் கட்டிக்கிட்டா, பிறக்கிற பிள்ளைக்கு ரெண்டுமே பழுதா வரலாம். அப்படி வந்தா சின்ன வயசுலயே மாரடைப்புதான்."

"வராமயும் போகலாமா?"

"போகலாம். ஆனா நாலுல ஒரு பங்கு பயம் இருக்கு."

வருமா, வராதா என்று ஒரு வார்த்தையில் சொன்னால் என்ன என்றிருந்தது அருஞ்சுனைக்கு. தாய்க்கும் மகளுக்கும் மாத்திரை எழுதிச் சீட்டைக் கொடுத்தார் டாக்டரம்மா.

பஸ்ஸில் மகள் கேட்டாள். "உங்க வீட்டு ஆம்பளைகளுக்குத்தான் வரும்னியேம்மா?"

"அப்படித்தாண்டி நெனச்சேன். எனக்கு ஒரு தலைவலி கூட வந்ததில்லயே." தம்பியைக் குறை சொல்ல வாய் திறந்தவள் மூடிக்கொண்டாள். மகளுக்குக் கொடுத்தது அவளே அல்லவா?

பாளையம்பட்டி நிறுத்தத்தில் சங்கரபாண்டியன் நின்றிருந்தான். அவனுக்கும் மகளுக்கும் ஒரே கோளாறு என்று அருஞ்சுனை தொடங்கினாள். மீதியை மகள்தான் சொல்லி முடித்தாள்.

"எல்லாப் பொருத்தமும் இருக்குன்னு ஜோசியரு சொன்னாரே," என்றான் அவன்.

"ஆசையா இருந்தேன் மாமா. பிள்ளைய நெனச்சா பயமா இருக்கு. வேண்டாம்."

தூத்துக்குடி லோடு லாரி ஒன்று புழுதி கிளப்பிப் போனது. பிறகு அவன், "மாத்திரைச் சீட்டக் குடு புள்ள. எனக்கு வாங்கையில ஒனக்கும் வாங்கியாரேன்," என்றான்.

"எனக்கும்லே," என்றாள் அருஞ்சுனை.

அக்காவை அவன் ஏற இறங்கப் பார்த்தான். "ஒனக்குமா? நீ நல்லாத்தானக்கா இருக்க?"

"அதத்தாம்லே நானும் கேக்குறேன்," என்றபடி சீட்டை அவன் கையில் வைத்தாள்.